இரண்டு விரல் நுனிகள்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த பையன், இனிமேல் வேலைக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்றான். அன்றுதான் அவனுக்கு அங்கே கடைசி நாள். ஒரு இசைக்குழுவோடு ஐரோப்பாவுக்குக் கிளம்ப ஏற்பாடாகியிருந்தது. மிச்சமிருப்பது அரை நாள்தானே, விட்டுவிடலாம் என்று நினைத்தான். அம்மா விடவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஓர் உலோகத் தகடுத் தொழிற்சாலை. ஆண்டு 1965, பையனுக்கு வயது 17. அவனுடைய வேலை வெல்டிங். தகட்டை வளைத்துக் கொடுக்கும் ஆள் அன்று வரவில்லை என்று அவனைப் பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். பழகாத மெஷின். பிரஸ் கையின் மேல் இறங்கியது. பதறிப்போய்க் கையை வெடுக்கென்று இழுத்தான். வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் மெஷினிலேயே தங்கிவிட்டன.

பையன் இடக்கைப் பழக்கக்காரன். மற்றவர்கள் இடக்கை விரல்களால் கிட்டார் கம்பியை அழுத்தி வலக்கையால் மீட்டுவார்கள். இடக்கைக்காரனுக்கு இது அப்படியே மாறிவிடும். போன இரண்டு நுனிகளும் கம்பியை அழுத்தி ஸ்வரம் எழுப்ப வேண்டிய நுனிகள்.

அந்தப் பையன் டோனி அயோமி. ஐந்தாண்டு கழித்து அந்தக் கையிலிருந்து வந்த சத்தத்துக்குத்தான் பின்னாளில் ஹெவி மெட்டல் என்ற பெயர் நிலைத்தது. குழுவின் பெயர் பிளாக் சப்பாத்.

2025 ஜூலை 5 அன்று, அதே பர்மிங்ஹாமில் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், அந்தக் குழுவைத் தொடங்கிய நால்வரும் கடைசி முறையாக ஒரே மேடையில் வாசித்தார்கள். 17 நாள் கழித்துப் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் 76 வயதில் இறந்துபோனார். அதன் பின் வந்த அஞ்சலிகளில் பாதிக்குமேல் அவர் வௌவாலின் தலையைக் கடித்த கதையும் சாத்தான் கதையும்தான். அவற்றைப் படிக்கப் படிக்க என் மனம் அந்தப் பிரஸ் மெஷினிடமே போய் நின்றது. இருட்டு, பேய், சாத்தான் என்று ஐம்பது ஆண்டுகளாகப் பேசப்பட்ட இந்த இசையைப் பெற்றெடுத்தது ஒரு தொழிற்பேட்டை. பெற்றவர்கள் நான்கு கூலிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பிளாஸ்டிக் உறை

இனி கிட்டாரை மறந்துவிடு என்றார்கள் மருத்துவர்கள். அயோமி வீட்டில் உடைந்துபோய்க் கிடந்தார். அப்போது தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு பார்க்க வந்தார். கேள் என்றார். கிட்டார் சத்தத்தைக் கேட்கும் நிலையில் பையன் இல்லை. வற்புறுத்தியபின் கேட்டான். நன்றாக இருக்கிறதே என்றதும், இதை வாசிப்பவர் இரண்டு விரல்களால்தான் அழுத்துகிறார் என்றார் மேலாளர். அந்தக் கலைஞர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். நாடோடி வண்டியில் வசித்தவர். 1928-ல் வண்டியில் தீப்பிடித்து இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்தபின், மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஜாஸ் இசையில் தனியிடம் பிடித்தவர்.

அந்தத் தட்டைக் கேட்ட பிறகு அயோமி செய்ததை ஒரு பட்டறைப் பையனால்தான் செய்திருக்க முடியும். பாத்திரம் கழுவும் ஃபேரி லிக்விட் பாட்டிலை உருக்கி உருட்டினார். ஆறியதும் சூடான சால்டரிங் அயர்னால் குடைந்து விரலுக்குப் பொருத்தினார். நாள் கணக்கில் உப்புத்தாளால் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட் ஒன்றை வெட்டி மேலே ஒட்டினார். ஆறு தசாப்தம் அவர் வாசித்தது இந்த மாதிரி உறைகளை மாட்டிக்கொண்டுதான்.

உறைக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. கம்பி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கனத்த கம்பியை அந்த விரல்களால் வளைக்க முடியாது. மெல்லிய கிட்டார்க் கம்பி அப்போது கடையில் கிடைக்காததால் பேஞ்சோ வாத்தியத்தின் கம்பிகளை வாங்கிக் கட்டினார். எல்லா விரல்களும் தேவைப்படும் கூட்டு ஸ்வரங்களை விட்டுவிட்டு, சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த இரட்டை ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டார். நடுவில் காந்தாரம் இல்லாத இந்தக் கூட்டில் மகிழ்ச்சி எது, சோகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்குமேல் முறுக்கி ஒலியைக் கரகரக்கச் செய்யும்போது மூன்று நான்கு ஸ்வரங்கள் சேர்ந்தால் குழம்பிப்போகும். சட்ஜம்–பஞ்சமம் மட்டும் பாறைபோல் நிற்கும். முடியாததை விலக்க விலக்க, வேறு யாரிடமும் இல்லாத ஒரு கனம் அவருக்குக் கைகூடியது.

1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் இன்னும் ஒரு படி இறங்கினார். கம்பியின் இறுக்கம் குறைந்தால் விரலுக்கு வலி குறையும் என்று, சில பாடல்களுக்குக் கிட்டாரின் சுருதியை மூன்று அரை ஸ்வரம் தாழ்த்தினார். நம் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையில் இருந்த வாத்தியம் ஒன்றரைக் கட்டைக்கு வந்தது. பேஸ் கிட்டாரும் கூடவே இறங்கியது. ‘இன்டு தி வாய்டு’ பாட்டின் தொடக்கத்தை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் தரைக்கு அடியில் ஏதோ பெரிய சக்கரம் சுற்றுவது போலிருக்கும். பின்னால் வந்த தலைமுறைகள் இந்தத் தாழ்ந்த சுருதியை ஒரு பாணியாகவே எடுத்துக்கொண்டன. அது ஒரு காயத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

ஆஸ்டன் பிள்ளைகள்

பர்மிங்ஹாமுக்கு ஆயிரம் தொழில்களின் நகரம் என்று பெயர். கார், துப்பாக்கி, பேனா முள், பொத்தான், பூட்டு என்று உலோகத்தில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்த ஊர். ஆயுதமும் செய்தது என்பதால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் அதைக் குறிவைத்தன. நால்வரும் 1948-க்கும் 1949-க்கும் இடையில் பிறந்தவர்கள். குண்டு விழுந்து வீடுகள் போன வெற்றிடங்கள்தான் ஆஸ்டன் பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம்.

லாட்ஜ் சாலையில் 14-ம் எண் வீடு ஜான் மைக்கேல் ஆஸ்போர்ன் என்கிற ஓஸி வளர்ந்த இடம். சின்ன வீடு, ஆறு பிள்ளைகள். அப்பா ஜாக் தொழிற்சாலைக் கருவிகள் செய்பவர், இரவு ஷிப்ட். அம்மா லிலியன், லூகாஸ் என்ற வாகன உதிரிபாக நிறுவனத்தில் பகல் வேலை. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் வில்லா பார்க். ஆட்டம் நடக்கும் நாட்களில் ரசிகர்கள் தெருவில் கார்களை விட்டுப்போவார்கள். சிறுவன் ஓஸி அந்தக் கார்களைப் பார்த்துக்கொண்டு சில்லறை சம்பாதிப்பான். எழுத்துக்கூட்டிப் படிப்பதில் அவனுக்குப் பிறவியிலேயே சிக்கல் இருந்தது. அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் உண்டென்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. மக்கு என்று முத்திரை குத்தினார்கள். 15 வயதில் படிப்பை விட்டான்.

அதன்பின் கிடைத்த வேலைகளில் ஒன்று, லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன்களுக்கு ஒலி சரிசெய்வது. நாள் முழுக்க ஹாரன் சத்தம். பிறகு இறைச்சிக்காக மாடு வெட்டும் கூடத்தில் வேலை. பிறகு திருட்டு. 17 வயதில் மாட்டிக்கொண்டபோது அபராதம் கட்டினால் வெளியே வரலாம் என்றார்கள். பாடம் படிக்கட்டும் என்று அப்பா கட்ட மறுத்தார். வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம். அதே அப்பாதான் பிறகு கடன் வாங்கி மகனுக்கு மைக்கும் ஒலிபெருக்கியும் வாங்கிக் கொடுத்தார்.

கீஸர் பட்லர் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். கணக்கர் வேலை பழகிக்கொண்டிருந்தவர், நிறையப் படிப்பவர். பேஸ் கிட்டாரும் பாட்டு வரிகளும் அவர் பொறுப்பாயின. டிரம்ஸ் வாசித்த பில் வார்டு ஜாஸ் தாளக்காரர்களைக் கேட்டு வளர்ந்தவர். சிறுவயதில் இரவில் படுக்கையில் படுத்தபடி, தொழிற்சாலைப் பிரஸ் மெஷின் இறங்கும் ஓசைக்கு ஏற்பக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையில் விரலால் தாளம் போடுவாராம்.

ஒரு இசைக்கருவிக் கடையில் ஓஸி ஒட்டிய விளம்பரம்தான் இவர்களைச் சேர்த்தது. பாடகன் இருக்கிறேன், சொந்த ஒலிபெருக்கி இருக்கிறது, வாய்ப்பு வேண்டும் என்ற அளவில் ஒரு துண்டுத்தாள். அயோமியும் வார்டும் முகவரி தேடிப் போய்க் கதவைத் தட்டினால், திறந்தது அயோமி படித்த பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படித்த பையன். இவனுக்குப் பாட வராதே என்று அயோமி திரும்பப் பார்த்தார். கொஞ்ச நாளில் நால்வரும் ஒன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1968-ல் குழு தொடங்கியபோது ஒரு பெயர், பிறகு ‘எர்த்’ என்று இன்னொரு பெயர்.

அந்த ஆண்டு டிசம்பரில் அயோமியை ஜெத்ரோ டல் குழு அழைத்துக்கொண்டது. பெரிய வாய்ப்பு. சில வாரத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது ஒரு பாடத்தோடு வந்தார்: அந்தக் குழு காலை ஒன்பது மணிக்கே ஒத்திகைக்கு உட்கார்ந்துவிடும். மறுநாளிலிருந்து ஆஸ்டன் பையன்களையும் படுக்கையிலிருந்து எழுப்பி இழுத்துப்போனார். ஷிப்டுக்குப் போவதுபோல் ஒத்திகைக்குப் போனார்கள்.

கல்யாணியின் மத்திமம்

ஒத்திகை இடத்துக்கு எதிரே ஒரு சினிமா கொட்டகை. இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவா எடுத்த திகில் படம் ஓடியது. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘பிளாக் சப்பாத்’. பயப்படுவதற்காகக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று குழுவினர் பேசிக்கொண்டார்கள். எர்த் என்ற பெயரில் வேறொரு குழு இருந்ததால் புதுப் பெயர் தேவைப்பட்டது. 1969-ல் படத்தின் பெயரே பாட்டுக்கும் குழுவுக்கும் பெயராயிற்று.

அந்தப் பாட்டைச் சற்று நின்று கேட்க வேண்டும். பட்லர் அந்நாட்களில் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் எழுதிய ‘செவ்வாய்’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசைப் பகுதியை பேஸ் கிட்டாரில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அயோமி மூன்று ஸ்வரங்களோடு வந்தார். கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அதன்பின் சரியாக நடுவில் நிற்கும் பிரதி மத்திமம். அவ்வளவுதான். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்குப் பிரதி மத்திமம் கல்யாணியின் அழகு. சட்ஜத்தின் மேல் அது நிற்கும்போது நமக்கு மங்கலமாகத் தோன்றுகிறது. ஐரோப்பிய இசை இலக்கணக்காரர்களோ அந்த இடைவெளிக்கு ‘இசைக்குள் இருக்கும் சாத்தான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அயோமிக்கு அந்த இலக்கணம் தெரியாது. காதுக்குக் கொடூரமாக இருந்தது, அதனால் பிடித்தது. மழை, இடி, தூரத்தில் கோயில் மணி, பிறகு அந்த மூன்று ஸ்வரங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் பயம் குடியிருக்கிறது. அந்த மெதுவான நடையை அன்றைக்கு வேறு எந்த ராக் குழுவும் துணிந்து வாசித்ததில்லை என்பேன்.

முதல் ஆல்பம் 1969 அக்டோபர் 16 அன்று லண்டன் ரீஜென்ட் சவுண்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே நாளில் பதிவானது. தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன். கச்சேரியில் வாசிப்பதுபோல் வாசித்தார்கள், பதிவு செய்தார்கள், முடிந்தது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. அட்டையில் ஆக்ஸ்ஃபர்டுஷயரின் பழைய மேப்பிள்டரம் தண்ணீர் ஆலைக்கு முன்னால் கறுப்புடையில் ஒரு பெண். உள்மடிப்பில் தலைகீழ்ச் சிலுவை ஒன்றை இசைத்தட்டு நிறுவனம் இவர்களைக் கேட்காமலே அச்சிட்டிருந்தது. சாத்தான் பட்டம் ஒட்டிக்கொண்டதில் அந்தச் சிலுவைக்குப் பெரும் பங்கு உண்டு.

உண்மையில் அந்தப் பாட்டில் வருபவர் சாத்தானைக் கும்பிடுபவர் இல்லை. அவர் பயந்து நடுங்கிக் கடவுளைக் கூப்பிடுகிறார். பட்லர் ஒரு இரவு கட்டிலின் கால்மாட்டில் கறுப்பு உருவம் ஒன்று நிற்கக் கண்டதாகச் சொன்ன அனுபவம்தான் அதற்கு விதை. ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ என்ற இன்னொரு பாட்டு வெளிப்படையாகவே விசுவாசத்தைப் பேசுகிறது. நால்வரும் கழுத்தில் தொங்கவிட்டிருந்த சிலுவைகளை, ஓஸியின் அப்பா ஜாக் தன் தொழிற்சாலையில் அலுமினியத்தை வெட்டிச் செய்து கொடுத்தார். மகன்மாருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற ஒரு தொழிலாளியின் கவலை அந்த உலோகத் துண்டுகளில் இருக்கிறது.

விமர்சகர்கள் அந்த ஆல்பத்தைக் கிழித்தார்கள். அமெரிக்காவின் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதைத் தூக்கியெறிந்தது. ஆனாலும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அது எட்டாமிடத்துக்கு வந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் இவர்களைப் போன்ற பிள்ளைகள்.

போரைப் பற்றிப் பாடியவர்கள்

ஏழு மாதத்தில் இரண்டாவது ஆல்பம். அதற்கு ‘வார் பிக்ஸ்’ என்று பெயர் வைக்க நினைத்திருந்தார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை 1960-ல்தான் முடிவுக்கு வந்திருந்தது. அது திரும்ப வந்தால் முதலில் இழுக்கப்படுவது ஆஸ்டன் போன்ற இடத்துப் பையன்கள்தான் என்ற அச்சம் பட்லருக்கு இருந்தது. ‘வார் பிக்ஸ்’ பாட்டில் மந்திரவாதிகளாக வருபவர்கள் தளபதிகளும் அரசியல்வாதிகளும். ஏழைப் பிள்ளைகளைச் சாகவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொள்பவர்கள். தொடக்கத்தில் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது. அந்தச் சங்கைக் கேட்டுப் பாதாள அறைக்கு ஓடிய தாய் தந்தையரின் பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

‘ஹேண்ட் ஆஃப் டூம்’ வியட்நாமிலிருந்து போதை ஊசியோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றியது. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைத்தளங்களில் வாசித்தபோது அவர்களை நேரில் பார்த்திருந்தார்கள். ‘எலெக்ட்ரிக் ஃபியூனரல்’ அணுகுண்டைப் பற்றியது. ‘அயர்ன் மேன்’ காமிக்ஸ் நாயகனின் கதை என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு. எதிர்காலத்துக்குப் போய் உலகின் அழிவைக் கண்ட ஒருவன், திரும்பும் வழியில் காந்தப் புயலில் சிக்கி இரும்பாகிவிடுகிறான். எச்சரிக்க வாய் வரவில்லை. ஊர் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அலட்சியத்தின் கோபத்தில், தான் கண்ட அழிவைத் தானே செய்கிறான். அயோமியின் கிட்டார் வரியைக் கேட்டதும், பெரிய இரும்பு மனிதன் நடந்து வருவது போலிருக்கிறது என்று ஓஸி சொன்னதிலிருந்து பிறந்த பாட்டு. நாளெல்லாம் இரும்போடு நின்று, வீதியில் யாரும் கவனிக்காமல் வீடு திரும்பும் மனிதர்களின் ஊரில் இந்தக் கதை தோன்றியது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆல்பத்தில் இடம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் இன்னொரு சின்னப் பாட்டு கேட்டார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அயோமி ஒரு கிட்டார் வரியைக் கண்டுபிடித்தார். பட்லர் மளமளவென்று சொற்களை எழுதினார். தன் மனச்சோர்வைத்தான் எழுதினார். அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. ஓஸி தாளைப் பார்த்துப் பாடினார். மூன்று நிமிடம்கூட ஓடாத அந்தப் பாட்டுதான் ‘பாரனாய்ட்’. பிரிட்டனில் நான்காமிடம் பிடித்தது. ஆல்பத்தின் பெயரும் அதுவே ஆனது, ஆல்பம் முதலிடத்துக்குப் போனது. அட்டைப்படம் மட்டும் பழைய பெயருக்காக எடுத்ததாகவே நின்றுவிட்டது: வாளும் கேடயமுமாக ஒருவன் இருட்டில் பாய்கிறான்.

முதல் ஆறு ஆல்பங்களும் 1970-க்கும் 1975-க்கும் இடையில் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யை எடுப்பேன். அவர்கள் மெதுவான, முரட்டு இசை மட்டும் வாசித்தவர்கள் என்று நினைப்பவர்களுக்கு 1972-ன் ‘சேஞ்சஸ்’ பாட்டைச் சொல்வேன். கிட்டாருக்குப் பதில் பியானோ. வாடகைக்கு எடுத்த வீட்டில் பியானோ இருந்ததைப் பார்த்து அயோமி தானாகப் பழகிக்கொண்டு வாசித்தது. பில் வார்டு மனைவியைப் பிரிந்த துக்கம் அதன் பொருள். ஓஸியின் குரலுக்குப் பயிற்சி கிடையாது, வீச்சும் அதிகம் இல்லை. ஆனால் அவர் துக்கத்தைச் சொன்னால் நம்பத் தோன்றுகிறது.

காசும் பொடியும்

அந்த 1972-ம் ஆண்டிலேயே சரிவும் தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் மாளிகையில் தங்கி ‘வால்யூம் 4’ ஆல்பத்தைச் செய்தபோது, ஒலிப்பதிவுக்கு ஆன செலவைவிடக் கொக்கைனுக்கு ஆன செலவு அதிகம் என்று பட்லர் பின்னாளில் சொன்னார். சம்பாதித்த பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தெரியாத பிள்ளைகள். விழித்தபோது முன்னாள் நிர்வாகத்தோடு வழக்கு. 1975-ன் ‘சபோடாஜ்’ ஆல்பத்தைப் பதிவு செய்யும் நேரத்திலேயே நீதிமன்ற அறிவிப்புகள் வந்தன. அதன் கடைசிப் பாட்டுக்கே ‘தி ரிட்’ என்று பெயர். அடுத்த இரண்டு ஆல்பங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, சோர்ந்துபோன மனிதர்கள் சோர்வோடு செய்தவை.

1979 ஏப்ரலில் ஓஸியை நீக்கினார்கள். நால்வருமே போதையில் இருந்தார்கள், ஓஸிதான் அதிகம் என்பது அன்றைய நியாயம். அந்தச் செய்தியை அவரிடம் போய்ச் சொல்லும் வேலை பில் வார்டின் தலையில் விழுந்தது. நெருங்கிய நண்பனிடம் போய் அதைச் சொல்ல வேண்டியிருந்த அந்த நாளின் கனம் வார்டை விட்டு நீங்கியதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டே குடியும் துக்கமுமாகச் சுற்றுப்பயணத்தின் நடுவில் அவரும் விலகினார்.

ஓஸி இல்லாத சப்பாத் சப்பாத்தே இல்லை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அமெரிக்கரான ரோனி ஜேம்ஸ் டியோ வந்து பாடிய ‘ஹெவன் அண்டு ஹெல்’ (1980) ஒரு முழுமையான படைப்பு. ஓஸி கிட்டார் வரியோடு ஒட்டிப் பாடுவார். டியோ அதன்மேல் ஏறிப் பறப்பார். அயோமி அவருக்காக வேறு மாதிரி எழுத வேண்டியிருந்தது, எழுதினார். இன்று உலகெங்கும் மெட்டல் ரசிகர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் உயர்த்திக் காட்டும் முத்திரையைப் பரப்பியவரும் டியோதான். அது அவருடைய இத்தாலியப் பாட்டி கண்திருஷ்டி கழிக்கக் காட்டியது. அதன்பின் பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1980-களின் நடுவில் அயோமி மட்டுமே மிஞ்சினார். அந்தக் காலத்தில் பாடிய பர்மிங்ஹாம்காரர் டோனி மார்ட்டினுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. ‘ஹெட்லெஸ் கிராஸ்’ (1989) ஆல்பத்தை ஒரு முறை கேட்டவர்கள் அதை ஒத்துக்கொள்வார்கள்.

ஓஸியின் தனி வாழ்க்கை வேறு தடத்தில் ஓடியது. ‘பிளிசர்டு ஆஃப் ஓஸ்’ பெரும் வெற்றி. அதன் கிட்டார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் 1982 மார்ச்சில் 25 வயதில் சிறு விமான விபத்தில் இறந்தார். அந்தப் பிரிவிலிருந்து ஓஸி முழுதாக மீளவில்லை. பிறகு 2002-ல் வந்த தொலைக்காட்சித் தொடர் அவரை, இசையே கேட்காத வீடுகளுக்கும் தடுமாறும் அப்பாவாகக் கொண்டு சேர்த்தது. அதில் புகழ் வந்தது. அவர் பாடகர் என்பதைப் பலர் மறந்ததும் அதில்தான்.

வார்டு இல்லாத வருடங்கள்

1997 டிசம்பரில் பர்மிங்ஹாமில் நால்வரும் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள். அந்தப் பதிவில் இருந்த ‘அயர்ன் மேன்’ பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. 2006-ல் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள். அறிமுகப்படுத்தியவர்கள் மெட்டாலிகா குழுவினர். சப்பாத் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவருபவர்கள்.

2012-ல் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே ‘13’ ஆல்பம் உருவானது. 2013-ல் பிரிட்டனில் முதலிடம். ‘பாரனாய்ட்’டுக்குப் பிறகு ஏறக்குறைய 43 ஆண்டு கழித்து. அமெரிக்காவிலும் முதன்முறையாக முதலிடம். அதில் பில் வார்டு இல்லை. ஒப்பந்தம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று அவர் ஒதுங்கினார். உடல் தாங்காது என்றும் பேசினார்கள். யார் பக்கம் நியாயம் என்பது ஒப்பந்தத் தாளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காது சொல்வதை மட்டும் நான் சொல்ல முடியும். மாற்று டிரம்ஸ் கலைஞர்கள் திறமையானவர்கள், தாளம் இம்மி பிசகாது. வார்டின் தாளம் பிசகும். இழுத்துப் பிடிக்கும், முன்னால் பாயும், கிட்டார் வரியோடு பேசும். அந்த ஜாஸ் அசைவு இல்லாமல் சப்பாத்தின் கனம் வெறும் எடையாகிவிடுகிறது. 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்ஹாமில் நடந்த விடைபெறும் கச்சேரியிலும் அவர் இல்லை. அந்தக் குறை பலருக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது.

நகரமும் மெல்ல மெல்ல அவர்களைத் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டது. 2019-ல் பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரு கால்வாய்ப் பாலத்துக்கு அவர்களின் பெயர் வைத்து, நால்வரின் முகங்களோடு ஒரு பெஞ்சும் போட்டார்கள். 2023-ல் பர்மிங்ஹாம் ராயல் பாலே அவர்களின் இசைக்கு ஒரு முழு நாட்டியம் அமைத்தது. அதற்குள் நகரத்தின் ஆலைகள் பலவும் போய்விட்டன. லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை 2005-ல் நொடித்துப்போனது. வார்டு படுக்கையில் கிடந்து கேட்ட ஓசையை இன்று ஆஸ்டனில் கேட்க முடியாது. அந்த ஓசையின் தாளம் இசைத்தட்டில் இருக்கிறது.

2025 ஜூலை 30 அன்று ஓஸியின் உடல் அந்தப் பாலத்தின் வழியாகப் போனது. ஆயிரக்கணக்கானோர் பிராட் ஸ்ட்ரீட்டின் இரு பக்கமும் நின்றார்கள். உள்ளூர் பித்தளை வாத்தியக் குழு ஒன்று சப்பாத் பாடல்களை வாசித்தபடி முன்னால் நடந்தது. குடும்பத்தார் இறங்கிப் பாலத்தில் பூ வைத்தார்கள்.

அதற்கு 25 நாள் முன்னால்தான் வில்லா பார்க். மெட்டாலிகா, கன்ஸ் அண்டு ரோஸஸ், ஸ்லேயர், டூல், பாண்டேரா என்று பகல் முழுக்க வாசித்தவர்கள் எல்லோரும் இவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். யங்பிளட் என்ற இளைஞர் ‘சேஞ்சஸ்’ பாடினார், மைதானமே கூடச் சேர்ந்து பாடியது. வருமானம் பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான நோய்த்தணிப்பு இல்லம் ஒன்றுக்கும், பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அந்த நோய்தான் ஓஸியை நிற்க முடியாமல் செய்திருந்தது. கறுப்புச் சிம்மாசனம் ஒன்றில் உட்கார்ந்தபடி அவர் மேடைக்கு வந்தார். சிறுவயதில் அவர் கார்களுக்குக் காவல் நின்ற தெருக்கள் மைதானச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன.

சங்கு ஊதியது. ‘வார் பிக்ஸ்’. பில் வார்டு 77 வயதில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். 20 ஆண்டுகளுக்குப் பிறகு தாளம் பழையபடி இழுத்தது, பாய்ந்தது. பிறகு ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’. நான்காவதாக, இடம் நிரப்புவதற்காக எழுதிய அந்தச் சின்னப் பாட்டு. ஓஸி எழ முடியாமல் கைகளை மட்டும் தட்டித் தட்டிப் பாடினார். இடப்பக்கமாகக் கிட்டாரைப் பிடித்து நின்ற அயோமியின் வலக்கையில், நடுவிரலிலும் மோதிர விரலிலும் தோல் ஒட்டிய உறைகள் இருந்தன.